கோலமாவு வட்டம்

மாடி வீட்டுப் பையன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு செருப்பு டப்பாவோடு வந்து நின்றான். உள்ளே பழைய பனியன் மேல் நாலு பூனைக்குட்டிகள்.

"ஆன்ட்டி, மோட்டார் ரூம் பக்கத்துல கத்திட்டு இருந்துச்சு. அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு போல. நீங்க குட்டிங்கள வளர்த்துக் குடுப்பீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு."

வாட்ச்மேன் சொன்னது சரிதான். தெருவில் அகப்பட்ட குட்டிகளை வீட்டில் வைத்துத் தேற்றி, தத்தெடுக்க ஆள் அமைந்ததும் அனுப்பிவிடுவேன். 'ஃபாஸ்டர்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். செவிலித்தாய் என்று சங்க காலத்துச் சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் வாட்ச்மேனிடம் போய் "நான் பூனைகளுக்குச் செவிலித்தாய்" என்று சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

"எடுத்து எவ்வளவு நேரமாச்சுப்பா?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"அப்படியே கொண்டுபோய், எடுத்த இடத்துலயே வை."

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. கல் நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பான். ஆனால் தாய்ப்பூனை இரை தேடப் போனால் மணிக்கணக்கில் வராது. இடம் மாற்றும்போதும் ஒவ்வொன்றாகத்தான் தூக்கிப் போகும். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்று என் பாட்டி சொல்வாள். அந்த ஏழில் இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவே நாம் போய் டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தால், அதற்குக் காப்பாற்றுதல் என்று பெயரில்லை. கடத்தல்.

இந்த நாலும் சுத்தமாக இருந்தன. உடம்பில் சூடு இருந்தது. வயிறு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கண் அப்போதுதான் திறந்த நீலக் கண். அப்படியானால் பிறந்து பத்துப் பதினாலு நாள். தாய் கைவிட்ட குட்டிகள் இப்படி இருக்காது. வயிறு ஒட்டி, கண்ணில் பீளை கட்டி, எறும்பு ஏறிக் கிடக்கும்.

கீழே போய், டப்பாவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, சுற்றிலும் கோலமாவால் ஒரு வட்டம் போட்டோம். தாய் வந்து போனால் மாவில் கால் தடம் விழும். கல்மாவுதான் போட வேண்டும். அரிசி மாவு போட்டால் எறும்புக்கு நாமே இலை போட்டுப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் ஆள் நின்றால் அவள் வரமாட்டாள். என் சமையலறை ஜன்னலிலிருந்து மோட்டார் ரூம் தெரியும். அங்கே இரண்டு ஸ்டூல் போட்டு, டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

"வரலேன்னா என்ன செய்வீங்க?" என்றான்.

வரவில்லை என்றால் முதல் வேலை சூடு. பால் அப்புறம்தான். இதை நான் ஒரு குட்டியைப் பறிகொடுத்துக் கற்றேன். பல வருஷம் முன்பு மழையில் நனைந்து விறைத்துப் போன ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாவம், பசியாக இருக்கும் என்று பதறி முதலில் பாலைத்தான் ஊட்டினேன். விடிவதற்குள் போய்விட்டது. பிறந்து சில நாளே ஆன குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் அதைச் சுற்றி 30 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது வெதுவெதுப்பு வேண்டும். உடம்பு சில்லிட்டால் குடலும் வேலையை நிறுத்திவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் தங்கிக் கெடும். ஆகவே வெந்நீர்ப் பை, அதன் மேல் இரண்டு சுற்றுத் துண்டு, அதன் மேல் குட்டி. சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள டப்பாவின் மறுபாதி காலியாக இருக்க வேண்டும்.

"ஆவின் பச்சைப் பாக்கெட் பால் போதுமா?"

ஆவின் பாலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அது கன்றுக்குட்டிக்கு உண்டானது. பூனைப் பாலில் இருக்கிற புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் பசும்பாலில் உண்டு. அதோடு வயிற்றுப்போக்கும் வரும். 200 கிராம் எடையுள்ள உயிருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு சாமானியம் இல்லை. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் பெட் ஷாப்பில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் இரண்டு மணிக்கொரு தடவை, அடுத்த வாரம் மூன்று மணிக்கொரு தடவை. ராத்திரியும் சேர்த்துத்தான். அலாரம் அடித்ததும் எழுந்து உட்காரும்போது, இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு இது எனக்குத் தேவையா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

மனிதக் குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டுவது நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு. பூனைக்குட்டி குப்புறப் படுத்துத்தான் குடிக்கும். மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இன்க் ஃபில்லரால் பீய்ச்சினாலும் அதே கதைதான். சின்ன ரப்பர் காம்பு மாட்டிய சிரிஞ்சில், அது உறிஞ்சுகிற வேகத்துக்குத்தான் தள்ள வேண்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவ வேண்டும். மூன்று வாரம் வரைக்கும் அதற்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாயின் நாக்கு செய்கிற வேலை அது.

பையன் டீயைக் கீழே வைத்துவிட்டான். இந்த இடத்தில் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

நான் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். பாதுஷாவுக்கு மைதா நிறுக்க வாங்கின கிச்சன் தராசு இப்போது பூனைத் தராசு. தினமும் ஒரே நேரத்தில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்து எடை போடுவேன். குட்டி பிறக்கும்போது 100 கிராம் பக்கம் இருக்கும். பிறகு நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். நாலு வாரத்தில் 450 கிராம். போன தடவை வந்த கறுப்புக் குட்டியின் பக்கத்தைப் பிரித்தேன்: 212, 224, 224, 219. இரண்டாவது 224-க்கு நேரே பென்சிலால் ஒரு சுழி. அன்றைக்கு அவன் நன்றாகத்தான் விளையாடினான், கத்தினான், பாலும் குடித்தான். நோய் வந்ததைப் பூனை நம்மிடம் காட்டாது, தராசு காட்டிவிடும். 219 என்று காட்டிய காலையில் ஆட்டோ பிடித்து வேப்பேரிக்கு ஓடினேன். மெட்ராஸ் வெட்டர்னரி காலேஜ் 1903-லிருந்து இருக்கிறது. அங்கே விடிந்தால் நாய், பூனை, ஆடு, கோழி என்று வரிசை நிற்கும். வெறும் குடற்புழுதான். மருந்து கொடுத்தார்கள், மூன்றாம் நாள் 240.

"எந்த ரூம்ல வெப்பீங்க?"

இரண்டாவது பாத்ரூமில். புதிதாக வந்தவை இரண்டு வாரம் அங்கேதான், வீட்டுப் பூனையின் கண்ணில்கூடப் படக்கூடாது. நாய்களுக்கு வருகிற பார்வோ மாதிரி பூனைகளுக்கும் ஒரு வைரஸ் உண்டு. தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோய்விடும். வீட்டுத் தரையில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அதற்கு பிளீச்சிங் கரைசல்தான் மருந்து. ஃபினாயில் கூடவே கூடாது. ஃபினால் வகையை முறிக்கிற சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது, பூனையோ காலை நக்கியே பொழுதைப் போக்குகிற பிராணி. தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினி எதுவும் பூனை இருக்கிற வீட்டில் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சல் அடிக்கிறதே என்று பாராசிட்டமால் உடைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பூனையைக் கொல்ல ஒரு மாத்திரை போதும். தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்குப் போடுகிற பவுடரும் ஆகாது. பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் உதறுவதுதான் சின்னக் குட்டிக்குச் சரி.

கீறினாலோ கடித்தாலோ நமக்கு வைத்தியம் வேறு. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குட்டிதானே என்று விடக்கூடாது.

மற்றபடி நாலாவது வாரத்திலிருந்து எல்லாம் சுலபம். அரைத்த கோழிக்கறியைத் தட்டில் வைத்தால் அதற்குள்ளேயே இறங்கி நடக்கும். ஆற்று மணல் தட்டைக் காட்டினால் பிறவியிலேயே தெரிந்த மாதிரி தோண்டி மூடும். எட்டாவது வாரம் முதல் தடுப்பூசி.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பால், எடை, ஊசி எல்லாம் குட்டியை உயிரோடு வைக்கத்தான். ஃபாஸ்டருக்கு உண்டான வேலை, பார்த்தே இராத யாரோ ஒருவர் வீட்டுக்கு அதைத் தயார் செய்வது. 1980-களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் அய்லீன் கார்ஷ் என்பவர் இதை ஆராய்ந்திருக்கிறார். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கை பட்ட குட்டிதான் பிறகு மனிதரோடு ஒட்டும். தினம் 15 நிமிஷம் கையில் வைத்திருந்த குட்டிகளைவிட 40 நிமிஷம் வைத்திருந்தவை இன்னும் நன்றாகப் பழகின. அந்த ஐந்து வாரத்தைத் தவறவிட்டால் பிறகு எவ்வளவு மீன் போட்டாலும் கட்டிலுக்கு அடியிலேயே வாழ்கிற பூனைதான் கிடைக்கும்.

ஆகவே நான் மட்டும் கொஞ்சினால் போதாது. என்னிடம் மட்டும் ஒட்டிய பூனை என்றால் என் வேலை பாதிதான் முடிந்தது. குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், பார்த்தசாரதி கோயில் புறப்பாட்டின் நாதஸ்வரம் எல்லாம் அதன் காதில் விழுந்து பழக வேண்டும். ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றியவர், ஓடுகிற குழந்தை எல்லோரையும் அது பார்க்க வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் வளர்ந்த குட்டி ஆம்பளைக் குரல் கேட்டாலே அலமாரிக்குப் பின்னால் ஓடிவிடும்.

"அதுக்குத்தான் உன்னை மாதிரிப் பசங்க வேணும். தினம் வந்து அரை மணி நேரம் தரையில உக்காந்து ஃபோன் பார்த்துட்டுப் போனாப் போதும். அதுவா வந்து மடியில ஏறும்."

தத்தெடுக்க வருகிறவர்களிடம் நான் நிறையக் கேள்வி கேட்பேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. பால்கனிக்கு வலை இருக்கிறதா? சென்னை ஃப்ளாட்டுகளில் புறாவுக்குப் போட்ட வலை பூனைக்கும் உதவுகிறது. வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வயது வந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்வீர்களா? கறுப்புக் குட்டி என்றால் மாமியாருக்குச் சம்மதமா? "எங்க வீட்டுல சைவம், தயிர்சாதம்தான் போடுவோம்" என்று சொல்பவர்களும் உண்டு. பூனைக்கு டாரின் என்கிற சத்து சாப்பாட்டில் வந்தாக வேண்டும், வீட்டுச் சாப்பாட்டில் அது போதிய அளவு மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் இதயம் வீங்கிப் பழுதாகும் என்று 1987-லேயே நிரூபித்துவிட்டார்கள். "எங்க பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதம் தின்னே பதினஞ்சு வருஷம் இருந்துச்சே" என்பார்கள். அது ராத்திரியில் எலியும் பல்லியும் தின்றதைப் பாட்டி பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"அனுப்பும்போது கஷ்டமா இருக்காதா ஆன்ட்டி?"

இருக்கும். முதல் தடவை ஆட்டோ கிளம்பியதும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இரண்டாவது தடவை அனுப்ப மனமில்லாமல் ஒன்றை வைத்துக்கொண்டேன். இதோ ஃப்ரிட்ஜ் மேல் படுத்திருக்கிறாளே, அவள்தான். இவளுக்குப் புதுக் குட்டி என்றால் ஆகாது. இவள் வந்ததிலிருந்து ஒரு தடவைக்கு நாலு குட்டிக்கு மேல் என்னால் எடுக்க முடிவதில்லை. இன்னும் ஒன்றை வைத்துக்கொண்டால் அதுவும் குறையும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அனுப்புவது லேசாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. படுத்த துண்டின் ஒரு பாதியைக் கிழித்துக் குட்டியோடு அனுப்புவேன், வாசனைக்கு. மறு பாதியைத் துவைக்க இரண்டு நாள் ஆகும்.

ஏழே முக்காலுக்குப் பையன்தான் முதலில் பார்த்தான். மதில்மேல் சாம்பல் வரி போட்ட பூனை. பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து எல்லா ஜன்னலையும் பார்த்தாள். நாங்கள் விளக்கை அணைத்தோம். இறங்கி, மாவு வட்டத்தை முகர்ந்து, தாண்டி, ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வினாள். குட்டி கத்தவில்லை. காலைச் சுருட்டி, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு துணி மாதிரித் தொங்கியது. திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் கடவுளிடம் சரணடைவதற்குத் தென்கலை வைணவர்கள் சொல்கிற மார்ஜார நியாயம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. குரங்குக் குட்டிதான் தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டி சும்மா இருக்கும், பிடிக்கிற வேலையெல்லாம் தாயுடையது. பையனுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தேன். "ஆன்ட்டி, ஷ்ஷ்" என்றான்.

நாலு தடவை வந்து நாலையும் கொண்டுபோனாள். ஐந்தாவது தடவையும் வந்து, காலி டப்பாவுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, மதிலேறிப் போனாள்.

"அப்ப நமக்கு வேலையே இல்லையா?" என்றான். குரலில் ஏமாற்றம்.

"ஏன் இல்ல? எங்க கொண்டுபோய் வெச்சிருக்கான்னு நாளைக்குக் கண்டுபிடி. தினம் அவளுக்குச் சாப்பாடு வை. இன்னும் நாலு வாரத்துல குட்டிங்க பாலை விட்டுட்டுத் தானா திங்கும், அப்ப நாலும் என் பாத்ரூமுக்கு வரட்டும். பால் வத்தினதும் அவளைக் கூண்டுல பிடிச்சு ஆபரேஷனுக்கு அனுப்பணும். லேட் பண்ணினா மறுபடி வயித்துல வாங்கிடுவா. ரெண்டே மாசம், இன்னொரு டப்பா தூக்கிட்டு வருவ."

அவன் ஃபோனில் தேதி குறித்துக்கொண்டான். பிறகு கீழே போய் மாவைப் பெருக்கித் தள்ளினான். போகும்போது, அந்தத் தராசு என்ன விலை ஆன்ட்டி என்று கேட்டான்.