மருந்துப் புட்டியின் நிறம் தேனீக்குப் பொருந்தாது

தொண்டாமுத்தூர் வட்டாரப் பந்தல்களில் காய்க்கும் பாகலுக்கும், தரையில் படரும் அரசாணிக்கும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் தேனீக்களே. தேனீ வராவிட்டால் கொடி நிறையப் பூத்தாலும் பிஞ்சு நிற்காது, வெம்பி உதிர்ந்துவிடும். ஆகவே பூச்சிமருந்து வாங்கும்போதே தேனீயையும் நினைக்க வேண்டும்.

மருந்துப் புட்டியில் உள்ள முக்கோணம் சிவப்பானால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என விஷத்தன்மை படிப்படியாகக் குறையும். ஆனால் இந்நிறங்கள் மனிதருக்கு உள்ள ஆபத்தைக் காட்டுபவை; தேனீக்கு உள்ள ஆபத்தை அல்ல. தயாமீத்தாக்சம் 25 சத மருந்துக்கு நீல நிறம்தான். எனினும் தேனீக்கு அது கொடிய நஞ்சு. இமிடாகுளோபிரிட்டும் அப்படியே. இவை செடிக்குள் ஊடுருவி, பூவின் மதுவிலும் மகரந்தத்திலும் கலப்பவை. மாலையில் தெளித்தாலும் ஆபத்து நீங்காது. எனவே நிறத்தை மட்டும் பார்க்காமல், மருந்துடன் வரும் துண்டுத்தாளில் தேனீ பற்றிய எச்சரிக்கை உள்ளதா என்று படித்த பிறகே வாங்க வேண்டும்.

காய்களைத் துளைக்கும் பழ ஈக்குக் கியூலூர் கவர்ச்சிப் பொறி வாங்கி வைக்கலாம். அது ஆண் ஈக்களை இழுத்து அழிக்கும். அசுவினிக்கு வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதம் போதும். பருப்பை இடித்த தூள் 500 கிராமை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். பாகலும் அரசாணியும் காலையில் பூப்பதால், தேனீக்கள் திரும்பிய பின் மாலையில் தெளிப்பதே நல்லது.