ஸ்கேன் எடுத்தாயிற்று, இணையத்தில் ஏற்றலாமா?

ஒரே அலமாரியில் மூன்று புத்தகங்கள். புதுமைப்பித்தன் சிறுகதைகள் ஒன்று, கண்ணதாசனின் கட்டுரைத் தொகுப்பு ஒன்று, இன்றைய எழுத்தாளர் ஒருவர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்ட நாவல் ஒன்று. மூன்றையும் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்துவிடலாம். நூலகத்தின் இணையதளத்தில் ஏற்றும்போதுதான் மூன்றுக்கும் மூன்று வழி.

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துக்கு அது 2008-ன் முடிவில் தீர்ந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அதை நாட்டுடைமையும் ஆக்கிவிட்டது. 1981-ல் மறைந்த கண்ணதாசனுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் நூலுக்கு ஆண்டுக்கணக்கே பார்க்க வேண்டாம். என்னென்ன செய்யலாம் என்று ஆசிரியரே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதுமைப்பித்தனின் கதைகள் பொதுச்சொத்துதான். ஆனால் அண்மையில் வந்த செம்பதிப்பின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புகளுக்கும் பதிப்பாசிரியரின் உரிமை தனியே இருக்கும். குறளுக்கு உரிமை கேட்க ஆளில்லை, போன மாதம் எழுதிய உரைக்கு உண்டு. ஆகவே எந்தப் பதிப்பைத் திறந்துவிடுகிறோம் என்று பார்த்தாக வேண்டும்.

அப்படியானால் கண்ணதாசனை ஸ்கேன் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின், வணிக நோக்கமில்லாத பொதுநூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். சேமிப்பதற்குத்தான் இந்தச் சலுகை. உலகத்துக்கே பந்தி வைக்க இது போதாது.

கிரியேட்டிவ் காமன்ஸின் முதல் உரிமங்கள் 2002-ல் வந்தன. இப்போது புழக்கத்தில் உள்ளவை ஆறு. ஆறிலும் ஆசிரியர் பெயரைச் சொல்லியாக வேண்டும். உரிமத்துக்கு உரிமம் மாறும் மற்ற நிபந்தனைகள் மூன்றுதான்: வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி வெளியிடக் கூடாது, மாற்றினால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும். மாற்றத்தைத் தடுக்கும் உரிமம் உள்ள நூலை மொழிபெயர்த்து வெளியிடவும் தனி அனுமதி வேண்டும். உரிமைகளை முழுக்கத் துறக்க சிசி0 என்ற வழி தனியே இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய 2000-க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலம் என்ற திறந்த இணைய நூலகத்துக்குப் போனது அந்த வழியில்தான்.

அங்கே போனதும் தொழில்நுட்பத்தின் பாடு தெரிகிறது. ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள்கள் இன்று தமிழை நன்றாகவே படிக்கின்றன. ஆனாலும் மங்கிய அச்சில் ‘ர’வின் வால் தேய்ந்திருந்தால் கால் என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் எண் ‘௭’ வந்தால் எகரமாக்கிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’ வடிவங்கள் அவற்றைத் திணறடிக்கும். மனிதர் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்தால்தான் உண்டு. அப்படித் திருத்திய பாடத்தைத் தளத்தில் போட்டு எல்லாரும் எடுத்தாளலாம் என்று அறிவிக்க, மூலநூலின் உரிமை சுத்தமாக இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தமிழ் உரைகளைத் தேடி அலையும் காலம் இது. உரிமையுள்ள நூல்களைப் பயிற்சிக்கு எடுப்பது சரியா என்ற வழக்குகள் பல நாடுகளில் நடக்கின்றன. உரிமை தீர்ந்த நூலைக் கொடுத்த நூலகத்துக்கு அந்தக் கவலை இல்லை.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. நூறாண்டு பழைய புத்தகத்தை ஸ்கேன் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ‘அனைத்து உரிமைகளும் எங்களுக்கே’ என்று குறுக்கே முத்திரை குத்தும் பழக்கம். வெறும் உழைப்பும் செலவும் பதிப்புரிமையைத் தந்துவிடாது, ஓரளவாவது படைப்பாற்றல் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. உள்ளதை உள்ளபடி எடுத்த ஸ்கேனுக்கு அதன்பின் என்ன உரிமை கொண்டாடுவது?

ஒவ்வொரு நூலின் உரிமை நிலையையும் குறித்துவைக்கப் புதிய மென்பொருள் தேவையில்லை. நம் நூலகங்கள் பலவற்றில் ஓடும் கோஹா 2000-த்தில் நியூசிலாந்தில் பிறந்த கட்டற்ற நூலக மென்பொருள். அதில் பயன்படும் மார்க் 21 பட்டியல்முறையில் 540-ஆம் புலம் பயன்பாட்டு நிபந்தனைக்கு, 542 பதிப்புரிமை நிலைக்கு. ஆசிரியர் இறந்த ஆண்டை எழுத 542-க்குள் தனி இடமே இருக்கிறது. பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிடுகிறோம். பட்டியலிடும்போதே அந்த ஆண்டை ஒருமுறை தேடி எழுதிவிட்டால், வரும் ஜனவரி முதல் நாள் எந்தெந்த நூலைத் திறக்கலாம் என்று கணினியே பட்டியல் எடுத்துக் கொடுக்கும்.