400 பேங்க் இருந்த தீவில், கணக்கு தொடங்க ஒரு பேங்க்கூட இல்லாமல் போனது எப்படி?

பசிபிக் பெருங்கடலில் இருக்கும் குட்டி நாடு நவூரு. மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான். பைக் எடுத்தால் அரை மணி நேரத்தில் நாட்டையே ஒரு ரவுண்டு வந்துவிடலாம். 1990களில் இந்தத் தீவின் பெயரில் சுமார் 400 பேங்க்குகள் பதிவாகி இருந்தன. எதற்கும் கவுன்ட்டர் கிடையாது, கேஷியர் கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு தபால் பெட்டி எண்!

ஆள் இல்லாத பேங்க் எதற்கு?

1968ல் சுதந்திரம் பெற்ற நவூருவை வாழவைத்தது பாஸ்பேட். உரம் தயாரிக்கப் பயன்படும் இந்தத் தாது கொட்டிக் கொடுத்ததில், 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக நவூரு இருந்தது. தோண்டத் தோண்ட பாஸ்பேட் குறைந்தது. வந்த பணமும் தவறான முதலீடுகளில் கரைந்தது. அடுத்த வருமானத்துக்கு நவூரு தேர்ந்தெடுத்த வழி, வெளிநாட்டினருக்கு பேங்க் லைசென்ஸ் விற்பது.

இப்படிப் பெயரளவில் மட்டும் இருக்கும் பேங்க்கை ‘ஷெல் பேங்க்’ என்பார்கள். ஒருவர் திருட்டுப் பணத்தைத் தன் பெயரிலேயே நியூயார்க்குக்கு அனுப்பினால், ‘இவர் யார், பணம் ஏது?’ என்று கேள்வி வரும. அதே பணம் ஒரு பேங்க்கின் பெயரில் போனால்? ஒரு பேங்க் இன்னொரு பேங்க்குக்கு அனுப்புவதாகவே கணக்கில் பதிவாகும். பின்னால் இருக்கும் ஆள் யார் என்பது நவூருவில் இருக்கும் ஃபைலோடு நின்றுவிடும். அந்த ஃபைலை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அதற்காகத்தானே காசு கொடுத்து லைசென்ஸ் வாங்குகிறார்கள்!

1998ல் மட்டும் ரஷ்யாவிலிருந்து சுமார் 7,000 கோடி டாலர் நவூரு பேங்க்குகள் வழியாக வெளியேறியது என்றார் ரஷ்ய மத்திய வங்கியின் அப்போதைய துணைத் தலைவர் விக்டர் மெல்னிகோவ். அன்றைய நவூரு மக்கள்தொகை சுமார் 10 ஆயிரம். பங்கு போட்டால் ஆளுக்கு 70 லட்சம் டாலர் வரும். ஆனால், தீவுக்குக் கிடைத்தது லைசென்ஸ் கட்டணம் மட்டும்தான்.

கதவு மூடியது எப்போது?

பணமோசடித் தடுப்பைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், 2000 ஜூனில் ‘ஒத்துழைக்காத நாடுகள்’ பட்டியலில் நவூருவைச் சேர்த்தது. 2001ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், ஷெல் பேங்க்குகளுக்கு அமெரிக்க பேங்க்குகள் கணக்கு வைத்துக்கொடுக்கத் தடை போட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில், பணமோசடியில் முக்கியக் கவலைக்குரிய நாடு என்று அமெரிக்க நிதித்துறை நவூருவை அறிவித்தது.

நவூரு வழிக்கு வந்தது. பணமோசடித் தடுப்புச் சட்டம் போட்டது, ஷெல் பேங்க்குகளை மொத்தமாக ஒழித்தது. 2005 அக்டோபரில் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

அப்புறம் என்ன பிரச்னை?

பட்டியலிலிருந்து நீங்கிய பெயர், பேங்க்குகளின் மனதிலிருந்து நீங்கவில்லை. அரசுக்குச் சொந்தமான பேங்க் ஆஃப் நவூரு நிதி நெருக்கடியில் முடங்கியது. மக்கள் போட்டுவைத்த பணமும் அதோடு மாட்டிக்கொண்டது. அந்த இடத்துக்கு வேறு பேங்க் எதுவும் வரவில்லை. பல ஆண்டுகள் சம்பளம் கையில் நோட்டாகத்தான் வந்தது. சேமிப்பு வீட்டுக்குள்தான் இருந்தது. 400 பேங்க்குகளில் ஒன்றில்கூடக் கணக்கு வைத்திராத மக்கள்தான் அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

2015ல் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ பேங்க் அங்கே ஒரு ஏஜென்சி தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. சில ஆண்டுகளில் அதுவும் கிளம்பப்போவதாக அறிவித்தது.

ரிஸ்க் அதிகம் என்று ஒரு நாட்டையே பேங்க்குகள் கைகழுவுவதற்கு ‘டி-ரிஸ்கிங்’ என்று பெயர். பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் இதே தலைவலி. பேங்க்குகளின் கணக்கு எளிமையானது. சில ஆயிரம் வாடிக்கையாளர்களால் வரும் லாபம் கொஞ்சம். கண்காணிப்பில் கோட்டை விட்டால் வரும் அபராதமோ பெரிது. பணமோசடித் தடுப்பு விதிகளை மீறியதற்காக 2020ல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்பேக் பேங்க்குக்கு 130 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

பேங்க்குக்காக ஒரு ஒப்பந்தம்

2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் நவூருவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐந்து ஆண்டுகளில் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் பட்ஜெட் உதவி, காவல்துறைக்குத் தனியாக 4 கோடி. பெண்டிகோவின் இடத்துக்கு காமன்வெல்த் பேங்க் ஆஃப் ஆஸ்திரேலியா வரும் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. பதிலுக்கு, பாதுகாப்பு, பேங்கிங், தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் மூன்றாவது நாடு நுழைவதென்றால் ஆஸ்திரேலியாவின் சம்மதமும் வேண்டும்.

பணமோசடித் தடுப்பு என்றதும் கேஒய்சி படிவமும் ஆதாரம் கேட்கும் மெசேஜும்தான் ஞாபகம் வரும். அடிப்படையில் அது கேட்பது மூன்றே விஷயங்கள்: கணக்கின் உண்மையான சொந்தக்காரர் யார், பணம் எங்கிருந்து வந்தது, சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது. நவூரு இந்தக் கேள்விகளைக் கேட்காமல் இருப்பதையே தொழிலாக்கியது. அந்தத் தொழில் சில ஆண்டுகளில் முடிந்துபோனது. தன் மக்களுக்கு ஒரு பேங்க் கிடைக்க இன்னொரு நாட்டோடு ஒப்பந்தம் போடவேண்டிய நிலை, பட்டியலிலிருந்து நீங்கி 19 ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்தது.