இரத்தமின்றி இணைந்திருந்தால்...?

1871 ஆம் ஆண்டு ஜனவரி 18 ஆம் நாள் ஜேர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது. விழா பேர்லினில் நடைபெறவில்லை. தோற்றுக்கொண்டிருந்த பிரான்ஸின் வேர்சாய் அரண்மனையில், கண்ணாடி மண்டபத்தில் நடைபெற்றது. அயலவன் வீட்டில், அவன் துயரத்தின் நடுவே, ஒரு நாடு தன் பிறந்தநாளைக் கொண்டாடியது. 1919 ஜூன் 28 அன்று அதே மண்டபத்திலேயே ஜேர்மனி தன் தோல்விக்குக் கையொப்பமிட நேர்ந்தது தற்செயலன்று.

இவ்விணைப்பு மெதுவாக, போரின்றி நிகழ்ந்திருக்க முடியாதா? 'நடந்திருந்தால்' என்பது வரலாற்றில் செல்லாக்காசு என்பர் சிலர். ஆயினும் போரின் விலையை அறிந்த நாம் இக்கேள்வியைக் கேட்காதிருக்க இயலாது.

சுங்கப் படலைகள் திறந்தன

1815 இல் அமைந்த ஜேர்மன் கூட்டமைப்பில் 39 அரசுகள் இருந்தன. வணிகனின் வண்டி எல்லைக்கு எல்லை நின்று வரி செலுத்தியது. 1834 ஜனவரி 1 ஆம் நாள், 18 அரசுகள் சேர்ந்த சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டு கோடியே முப்பது இலட்சம் மக்கள் ஒரே சந்தையினராயினர். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

உள்நாட்டுச் சுங்கத்தை ஒழிக்க முன்னின்று வாதிட்ட பொருளியலறிஞர் பிரெடெரிக் லிஸ்ற், தம் அரசை விமர்சித்தமைக்காகச் சிறையிடப்பட்டவர். நாட்டைவிட்டு அமெரிக்கா செல்ல ஒப்பியபின்பே விடுதலை பெற்றவர்.

மறுக்கப்பட்ட முடி

1848 மே 18 இல், பிராங்பேர்ட்டின் புனித பவுல் தேவாலயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை கூடியது. அடுத்த மார்ச்சில் அரசியலமைப்பொன்றை நிறைவேற்றி, பிரஷ்ய மன்னருக்கு முடியை வழங்க முன்வந்தது. மக்கள் பிரதிநிதிகள் நீட்டிய முடி தம் தகுதிக்கு இழுக்கு எனக் கருதி அவர் மறுத்தார். அரசியலமைப்பைக் காக்க எழுந்தோரைப் படைகள் நசுக்கின.

உயிர் தப்பியோர் சுவிற்சர்லாந்துக்கும் இலண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அகதிகளாய்ச் சென்றனர். முற்றுகையிடப்பட்ட ராஸ்ராட் கோட்டையிலிருந்து கழிவுநீர்க் கால்வாய் வழியே தப்பிய இளைஞர் கார்ல் ஷூர்ஸ், 1877 இல் அமெரிக்காவின் உள்துறை அமைச்சரானார். ஜேர்மனி இழந்த அறிவும் ஆற்றலும் எத்தகையன என்பதற்கு அவரொருவரே சான்று.

நிகழாத முடிதுறப்பு

1862 செப்டெம்பரில் இரண்டாவது வாய்ப்பு வந்தது. படைச் செலவு தொடர்பாகப் பாராளுமன்றத்துடன் மோதிய மன்னர் வில்ஹெல்ம், முடிதுறக்கும் ஆவணத்தை எழுதியே வைத்திருந்தார். தாராண்மைக் கருத்துடைய பட்டத்து இளவரசர் பிரெடெரிக் அதனை ஏற்க இணங்கவில்லை. மன்னர் பிஸ்மார்க்கை அழைத்தார். ஒரு வாரத்தில், இரும்பும் இரத்தமுமே பெரும் பிரச்சினைகளைத் தீர்க்கும் என்று பிஸ்மார்க் முழங்கினார். 1864 இல் டென்மார்க், 1866 இல் ஒஸ்திரியா, 1870 இல் பிரான்ஸ் என மூன்று போர்கள் தொடர்ந்தன. இறுதிப் போரில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் மாண்டனர்.

இளவரசர் அன்று முடியை ஏற்றிருந்தால்? நாம் இவ்வாறு கற்பனை செய்கிறோம். புதிய மன்னர் பாராளுமன்றத்துடன் இணக்கம் காண்கிறார். 1863 ஓகஸ்டில் ஒஸ்திரியா பிராங்பேர்ட்டில் கூட்டிய மன்னர் மாநாட்டுக்கு, வில்ஹெல்மைப் போல் மறுக்காது, செல்கிறார். பேச்சு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. சுங்க ஒன்றியத்துக்குத் தேர்தல்வழி ஒரு மன்றம் உருவாகிறது. பவேரியா இருபது ஆண்டுகள் தயங்கி, தன் உரிமைகளுக்கு உறுதி பெற்றபின் இணைகிறது. அல்சாஸ் பிரான்ஸுடனேயே இருக்கிறது. பிரகடனம் வேர்சாயில் அன்று, புனித பவுல் தேவாலயத்தில் வாசிக்கப்படுகிறது. நரைத்த தலையோடு 1848 இன் அகதிகள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இது எளிதாயிருக்கும் என நாம் சொல்லவில்லை. 1866 இல் சுங்க ஒன்றியத்தின் பவேரியா, சக்சனி, ஹனோவர் போன்ற உறுப்பரசுகளே பிரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டன. ஒரே சந்தை ஒரே மனத்தைத் தந்துவிடாது. பிரெடெரிக்கும் அரச குலப் பெருமையைத் துறந்தவரல்லர். 1888 இல் அவர் அரியணை ஏறியபோது தொண்டைப் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. தொண்ணூற்றொன்பது நாட்களில் மறைந்தார். மெதுவான வழியில் காலம் விரயமாகியிருக்கும். ஆனால் இழந்த ஆண்டுகளை மறு தலைமுறை ஈடுசெய்யலாம். இழந்த பிள்ளைகளை எவரும் ஈடுசெய்ய இயலாது. அல்சாஸில் பிரெஞ்சுக் குடியுரிமையைப் பேண விரும்பியோர் 1872 ஒக்டோபர் 1 க்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பல்லாயிரவர் வெளியேறினர்.

சார் நிலம் காட்டிய வழி

கற்பனைதானே என்று ஒதுக்குவோருக்குச் சார் நிலத்தைச் சுட்டுகிறோம். இரண்டாம் உலகப் போரின்பின் அது பிரான்ஸின் பிடியில் இருந்தது. 1955 ஒக்டோபரில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பியத் தனிநிலை வழங்கும் திட்டத்தை மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரித்தனர். மூன்று போர்களில் ஜேர்மனியோடு மோதிய பிரான்ஸ் அத்தீர்ப்பை மதித்தது. 1957 ஜனவரி 1 இல் அரசியல் இணைப்பு நிகழ்ந்தது. பொருளாதார இணைப்புக்கு 1959 ஜூலைவரை பொறுத்திருந்தனர். எவரும் சுடப்படவில்லை.

வேர்சாய் விழாவை உலகம் அறியும். சார் இணைந்த நாளை அயலூராரும் மறந்திருக்கக்கூடும். அம்மறதியே அவ்விணைப்பின் வெற்றி. எவர் நெஞ்சிலும் வஞ்சம் வைக்காமல் முடிந்த காரியத்தை நினைவூட்ட, எந்தத் தாயின் கண்ணீரும் மிஞ்சியிருப்பதில்லை.