அறுவை சிகிச்சைக்குப் பின் ஆபத்து யாருக்கு?

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் நிம்மதிப் பெருமூச்சு விடுவர். மருத்துவரின் கவலையோ அத்துடன் தீர்வதில்லை. அடுத்த சில நாள்களில் நோயாளியின் சிறுநீரகம் செயலிழக்கலாம். கால் சிரையில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளலாம். கிருமித்தொற்று உடல் முழுவதும் பரவலாம். இவை யாருக்கு நேரக்கூடும் என்பதை அனுபவமிக்க மருத்துவர் ஓரளவு ஊகிப்பார். ஆயினும், ஒருவருடைய பல ஆண்டு மருத்துவக் குறிப்புகளை அலசி ஆராய அவருக்கு நேரம் இருப்பதில்லை.

இங்குதான் இயந்திரக் கற்றல் கைகொடுக்கிறது. இம்முறையில் கணினிக்கு யாரும் விதிகளைச் சொல்லிக் கொடுப்பதில்லை. முன்பு சிகிச்சை பெற்றவர்களின் வயது, இரத்தப் பரிசோதனை முடிவுகள், உட்கொண்ட மருந்துகள் ஆகியவற்றோடு அவர்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதும் அதற்குத் தரப்படுகிறது. அவற்றுக்கிடையே உள்ள தொடர்புகளைக் கணினியே கண்டறிகிறது.

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வாறு உருவாக்கிய நிரலின் பெயர் ‘மைசர்ஜரிரிஸ்க்’. 51,457 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு அமைந்த இந்த ஆய்வு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே எட்டு வகைப் பாதிப்புகளுக்கான வாய்ப்பை இந்நிரல் கணிக்கிறது. ஒருவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படலாம் என்று தெரிந்தால், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்க்கலாம். அவரை அடிக்கடி பரிசோதிக்கலாம்.

கணினியின் கணிப்பை அப்படியே நம்பிவிடலாமா? அதே நாட்டில் 1990களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அது அறுவை சிகிச்சை பற்றியதன்று. நிமோனியா காய்ச்சல் பற்றியது. ஆஸ்துமா உள்ளவர்கள் நிமோனியாவால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு என்று ஒரு நிரல் கற்றுக்கொண்டிருந்தது! மூச்சுவிடவே சிரமப்படுபவர்களுக்கு ஆபத்து எப்படிக் குறையும்? உண்மையில், அத்தகையோரை மருத்துவர்கள் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் கவனித்தார்கள். அதனால்தான் பலர் பிழைத்தார்கள். பதிவுகளில் இருந்த எண்கள் சரியானவையே. அவற்றின் காரணத்தைத்தான் கணினி அறியவில்லை. அதை நம்பியிருந்தால், தீவிர கவனிப்புத் தேவைப்படும் நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மற்ற நிரல்களும் இதுபோன்ற தவறுகளைக் கற்றிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். அவற்றுள் மிகத் துல்லியமாகக் கணித்த நிரல், எதை வைத்து முடிவெடுக்கிறது என்பதை யாராலும் பார்த்தறிய முடியவில்லை. ஆகவே, அதை ஒதுக்கிவிட்டு, துல்லியம் சற்றுக் குறைந்தாலும் காரணம் புரியக்கூடிய எளிய முறையையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.