29 நிமிடம் 59 நொடி
எல்லையில் எழுதப்படும் விலை – 9

பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் விற்ற பல ஸ்டில் கேமராக்களில் ஒரு விசித்திரம் இருந்தது. வீடியோவை ஓடவிட்டால் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நின்றுவிடும். மெமரி கார்டில் இடம் இருக்கும், பேட்டரியில் சார்ஜ் இருக்கும், கேமராவும் சூடேறியிருக்காது, ஆனாலும் நிற்கும். மறுபடி பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காததுபோல இன்னொரு 29 நிமிடம் 59 நொடி ஓடும். நம் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது தொழிலின் பாலபாடம். ஸ்டாண்டில் பூட்டிய கேமராவை மறந்துவிட்டுக் கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தால், கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அது உறங்கிக்கொண்டிருக்கும். கச்சேரியைப் பதிவு செய்பவர்களுக்கும் இதே கவலைதான். விஸ்தாரமாகப் பாடும் ராகம் தானம் பல்லவி அரை மணிக்குள் அடங்காது. இந்த அரை மணிக் கணக்கு பிறந்த இடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கத் தீர்வை அட்டவணை. சென்ற வாரங்களில், எல்லையைக் கடக்கும் பொருளின் விலை தீர்வையால் எப்படி ஏறுகிறது என்று பார்த்தோம். இந்த வாரம் சொல்ல வருவது அதைவிடக் கவலை தருவது: ஒரு பொருளால் எவ்வளவு முடியும் என்பதை வைத்து வரி போட்டால், அந்தப் பொருளின் திறமையே வெட்டிக் குறைக்கப்படும், அப்படி வெட்டப்பட்டதால் கருவூலத்துக்கு ஒரு காசும் வராது.

கதை 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் தொடங்குகிறது. உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடிய அந்த மாநாட்டில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் உருவானது. கணினி, சிப், தொலைத்தொடர்புக் கருவிகள் போன்றவற்றின் மீதான தீர்வையை அறவே நீக்குவதாக நாடுகள் உறுதி சொல்லின. இந்தியாவும் அடுத்த ஆண்டு சேர்ந்தது. அந்தப் பட்டியலில் டிஜிட்டல் ஸ்டில் கேமரா இருந்தது; வீடியோ எடுப்பதற்கென்றே செய்த கேம்கார்டர் இல்லை. அன்றைக்கு இது யாருக்கும் உறுத்தியிருக்க வாய்ப்பில்லை. ஒன்று கணினியோடு சேர்ந்த கருவி, மற்றொன்று வீட்டுத் தொலைக்காட்சியோடு சேர்ந்த கருவி. கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். சுங்கத் துறை எந்தப் பொருளையும் ஓர் எண்ணுக்குள் அடக்கித்தான் பார்க்கும். 2007-ல் திருத்திய உலகளாவிய வகைப்பாட்டில் தொலைக்காட்சிக் கேமரா, டிஜிட்டல் கேமரா, வீடியோ கேமரா மூன்றும் 8525.80 என்ற ஒரே எண்ணின் கீழ் வந்தன. அதற்குக் கீழே பிரித்துக்கொள்வதை அந்தந்த நாட்டுக்கு விட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பிரித்தது: டிஜிட்டல் கேமராவுக்குத் தீர்வை இல்லை, தன் லென்ஸ் வழியாக வருவதை மட்டும் பதியும் வீடியோ கேமராவுக்கு 4.9 சதவீதம், வெளியிலிருந்து வரும் சிக்னலையும் பதியக்கூடியதற்கு 14 சதவீதம்.

அடுத்த ஆண்டே இந்தப் பிரிவின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 2008-ல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. போட்டோ எடுப்பவர்கள் வாங்கிய அந்தக் கேமராவைத் திரைப்படக்காரர்களும் கையில் எடுத்தார்கள். பெரிய சென்சார், மாற்றக்கூடிய லென்ஸ், முழு ஹெச்டி வீடியோ. இது ஸ்டில் கேமராவா, வீடியோ கேமராவா? வாங்கியவரிடம் கேட்டால் இரண்டும் என்பார். சுங்க அதிகாரி அப்படிச் சொல்ல முடியாது. இரண்டில் ஒரு எண்ணைத்தான் எழுத வேண்டும். அவருக்காக ஒன்றியத்தின் விளக்கக் குறிப்பு ஓர் எல்லையை வைத்திருந்தது: 800க்கு 600 பிக்சல் அல்லது அதற்கு மேலான தரத்தில், நொடிக்கு 23 ஃப்ரேம் அல்லது அதற்கு மேல், ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது 30 நிமிடம் பதிய முடிந்தால் அது டிஜிட்டல் கேமரா ஆகாது. பிக்சலும் ஃப்ரேமும் தொழில்நுட்ப ஓட்டத்தில் எல்லாக் கேமராக்களும் எளிதாகத் தாண்டிவிட்ட வரம்புகள். அவற்றைக் குறைத்தால் கேமராவை யாரும் வாங்க மாட்டார்கள். மிஞ்சியது நேரம் மட்டும். ஆகவே தயாரிப்பாளர்கள் நேரத்தில் கைவைத்தார்கள். முப்பதாவது நிமிடம் நிறைவதற்கு ஒரு நொடி முன்னால் பதிவை நிறுத்தும் கட்டளை ஒன்று ஃபர்ம்வேருக்குள் போயிற்று.

இதை மறுப்பவர்கள் உண்டு. காரணம் வரி இல்லை, சூடு என்பார்கள்; அல்லது மெமரி கார்டின் ஃபேட்32 கோப்பு முறை 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது என்பார்கள். இரண்டும் பொய்யல்ல. 5டி மார்க் 2 முழு ஹெச்டியில் ஏறக்குறைய 12 நிமிடத்திலேயே 4 ஜிபியை எட்டி நின்றுவிடும். ஆனால் சூட்டுக்குக் கடிகாரம் தெரியாது. சித்திரை வெயிலில் சீக்கிரமும் குளிரூட்டிய மண்டபத்தில் தாமதமாகவும் நிற்க வேண்டியதுதான் சூட்டின் இயல்பு. சூடுதான் காரணமென்றால் எல்லா நிறுவனக் கேமராவும் எல்லாப் பருவத்திலும் ஒரே நொடியில் நிற்காது. இதைவிட வலுவான சாட்சி பானசோனிக்கின் ஜிஹெச் வரிசை. அதன் தொடக்ககால மாடல்கள் வட அமெரிக்காவில் கார்டு நிறையும்வரை ஓடின. அதே பெயரில், அதே உடலோடு ஐரோப்பாவில் விற்றவை 29 நிமிடம் 59 நொடியில் நின்றன. கண்டத்துக்குக் கண்டம் சூடு மாறவில்லை, மாறியது தீர்வை அட்டவணை. ரசிகர்கள் தாங்களே எழுதிய மென்பொருளை ஏற்றி அந்த வரம்பை நீக்கினார்கள். பூட்டு மென்பொருளில்தான் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

வெறும் 4.9 சதவீதம்தானே, அதற்காகவா ஒரு நிறுவனம் தன் பொருளை முடமாக்கும் என்பது இன்னொரு கேள்வி. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சுங்க மதிப்பு 1,000 யூரோ என்றால் தீர்வை 49 யூரோ. அந்தத் தீர்வையின் மேலும் மதிப்புக் கூட்டு வரி ஏறும். ஜெர்மனியின் 19 சதவீதப்படி கூடுதல் சுமை 58 யூரோவைத் தாண்டும். பக்கத்துக் கடையில் போட்டிக் கேமரா தீர்வையின்றி நிற்கும்போது இது சின்னத் தொகை இல்லை. மறுபக்கம், பதிவை நிறுத்தும் கட்டளைக்குச் செலவே கிடையாது. அதுவும் தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே நடந்து பழகிய பாதை. கேம்கார்டர் காலத்தில் ஐரோப்பாவில் விற்ற பலவற்றில், வெளியிலிருந்து சிக்னல் பதியும் வசதியை அடைத்துவைத்தார்கள். 14-க்குப் பதில் 4.9 கட்டினால் போதுமே. வாங்கியவர்கள் அதைத் திறந்துகொண்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. மீடியன், கேனன் ஜெர்மனி நிறுவனங்களின் வழக்குகளில் 2007 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: அந்த வசதி சுங்கம் கடக்கும் வேளையில் இயங்க வேண்டும், அல்லது தனித்திறமை இல்லாத ஒருவர் பின்னால் எளிதாக இயக்கிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் உயர்ந்த தீர்வை. தீர்ப்பின் தர்க்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அது தயாரிப்பாளருக்குச் சொல்லும் பாடத்தை எண்ணிப் பாருங்கள்: அடைப்பதென்றால் அழுத்தமாக அடை, வாங்கியவரால் திறக்க முடியாதபடி அடை.

இதே எண்கள் இந்தியாவுக்கும் வந்தன. டிஜிட்டல் ஸ்டில் கேமராவுக்குச் சுங்கத் தீர்வை விலக்கு தந்த 2005 மார்ச் 1 அறிவிக்கையில், 2012 மார்ச் 17 அன்று ஒரு விளக்கம் சேர்ந்தது. அதிலும் 800க்கு 600, அதிலும் 23 ஃப்ரேம், அதிலும் 30 நிமிடம். மூன்றே நாளில், மார்ச் 20 அன்று, கேனன் இந்தியா தாக்கல் செய்த சரக்குக்கு விலக்கு கேட்டது. 24-ஆம் தேதி தீர்வையின்றி சரக்கு வெளியே வந்தது. இரண்டரை ஆண்டு கழித்து, 2014 ஆகஸ்டில், வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் நோட்டீஸ் அனுப்பியது: கேமராவின் திறனை மறைத்து அதிகாரிகளை ஏமாற்றி விலக்குப் பெற்றீர்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது கேமரா பின்னுக்குப் போய்விட்டது. நோட்டீஸ் அனுப்ப அந்த இயக்கக அதிகாரிக்கு உரிமை உண்டா என்பதே கேள்வியாயிற்று. சட்டம் 'தி' என்ற ஆங்கிலச் சுட்டோடு உரிய அதிகாரியைக் குறிப்பதால், முதலில் சரக்கை மதிப்பிட்டு விடுவித்த அதே அதிகாரிதான் பிறகும் கேட்க முடியும் என்று 2021 மார்ச் 9 அன்று நீதிமன்றம் சொன்னது. தமிழில் இணையே இல்லாத ஒரு சின்னச் சொல் நாடெங்கும் அந்த இயக்ககம் அனுப்பிய நோட்டீஸ்களை ஆட்டிவைத்தது. 2022-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 நவம்பர் 7 அன்று சீராய்வில் நீதிமன்றம் தன் முந்தைய முடிவை மாற்றிக்கொண்டது. ஒரு கேமரா எத்தனை நிமிடம் ஓடும் என்பதில் தொடங்கிய பூசல் பன்னிரண்டாண்டு ஓடியிருக்கிறது. இதற்குள் அந்த மாடல்கள் கடையிலிருந்தே மறைந்துவிட்டன. அதிகாரிகள், வழக்கறிஞர்கள், நீதிபதிகள் இதில் செலவிட்ட உழைப்பையும் அந்த வரியின் செலவாகத்தான் எழுத வேண்டும்.

கோடு எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும் என்பது நான் மதிக்கும் மறுப்பு. வரிச் சட்டம் முழுக்கக் கோடுகள்தான். வருமானத்துக்கும் உண்டு, சரக்கின் எடைக்கும் உண்டு. உள்நாட்டுத் தொழிலைக் காக்க நினைக்கும் அரசு அயல்பொருளின் மீது தீர்வை போடுவதும் குற்றமில்லை. ஆனால் எந்தக் கோட்டைப் போடுகிறோம் என்பதில் வேறுபாடு இருக்கிறது. விலையின் மேல் போடும் வரியிலிருந்து தப்ப விலையைக் குறைக்க வேண்டும். அதனால் வாங்குபவருக்கு நட்டமில்லை. திறனின் மேல் போடும் வரியிலிருந்து தப்பத் திறனைக் குறைக்க வேண்டும். நட்டம் முழுவதும் வாங்குபவர் தலையில். இரண்டு பொருள்கள் ஒன்றாகிவரும் காலத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் கோடு பொருளின் நடுவயிற்றில் விழுகிறது. பிரின்டரும் ஸ்கேனரும் நகலெடுக்கும் கருவியும் ஒரே பெட்டிக்குள் வந்தபோதும் ஐரோப்பிய ஒன்றியம் இதே சிக்கலில் மாட்டியது. அந்தப் பெட்டிக்கும், தட்டைத் திரைகளுக்கும், செட்டாப் பாக்ஸ்களுக்கும் தீர்வை போட்டதை எதிர்த்து அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் 2008-ல் வழக்குத் தொடுத்தன. 2010-ல் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு ஒன்றியத்துக்கு எதிராக முடிவு சொன்னது. நம் நாட்டிலும் சரியான வழி தெரியாமல் இல்லை. 2018 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் வரியை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்தபோது, டிஜிட்டல் கேமராவையும் வீடியோ கேமராவையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியது. அந்த வரிக்கு எத்தனை நிமிடம் என்ற கேள்வியே தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் நடந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே சிறு சரக்கு வண்டிகளுக்கு 1964 முதல் 25 சதவீதத் தீர்வை. பயணிகள் வண்டிக்கு அப்போது 2.5 மட்டுமே இருந்தது. ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த ட்ரான்சிட் கனெக்ட் வேன்களில் பின்னிருக்கைகளைப் பொருத்தி இறக்கியது. சுங்கம் கடந்ததும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக விற்றது. 2024-ல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்த வழக்கை முடித்தது. சட்டத்தின் பார்வையில் அது மீறல், கேமராக்காரர்கள் செய்தது மீறல் இல்லை. ஆனால் வாங்கியவருக்கு அந்த வேன் முழுதாகக் கிடைத்தது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்த கேமராவோ குறையோடு கிடைத்தது. நேர்மையாக நடப்பவரைக் கெட்ட பொருள் செய்யத் தூண்டும் விதி எப்படி நல்ல விதியாகும்?

2015 டிசம்பரில் நைரோபியில் அந்தத் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தை விரிவாக்கினார்கள். 201 பொருள்கள் புதிதாகச் சேர்ந்தன; வீடியோ கேமராவும் அவற்றில் ஒன்று. 2016 ஜூலையில் தொடங்கி மூன்றாண்டுகளில் பெரும்பாலானவற்றின் தீர்வை நீங்கியது. இந்தியா இந்த விரிவாக்கத்தில் சேரவில்லை. 2017-ல் பானசோனிக் ஜிஹெச்5 வரம்பின்றி வந்தது; 2019-ல் சோனி ஏ6400. வரி போனதும் பூட்டும் போனது என்று இங்கே முடித்துவிடலாம்தான், ஆனால் அது முழு உண்மை ஆகாது. 2020-ல் வந்த கேனன் ஆர்5 அதே 29 நிமிடம் 59 நொடியில் நின்றது. இரண்டாண்டு கழித்து வந்த ஆர்6 மார்க் 2-ல் அந்தத் தடை இல்லை. விலை கூடிய வீடியோ கேமராக்களையும் விற்கும் நிறுவனங்களுக்கு இந்த வரம்பு ஒரு வசதியாகவும் இருந்தது, வரியைச் சாக்காக வைத்துக்கொண்டார்கள் என்று குற்றம் சொல்பவர்களை என்னால் முற்றாக மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சாக்கைக் கையில் கொடுத்தது தீர்வை அட்டவணை. பத்தாண்டு பழகிய வரம்பு, அட்டவணை மாறிய மறுநாளே மாறாது. அந்த ஆண்டுகளில் வாங்கிய கேமராக்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பழையதாக வாங்கி முகூர்த்தத்துக்கும் கோயில் கச்சேரிக்கும் எடுத்துப்போகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் ரத்தாகிவிட்ட ஒரு தீர்வைக்காக அவை இன்றும் அரை மணிக்கு ஒரு நொடி முன்னால் நிற்கின்றன.