கறிவேப்பிலைச் செடியில் ஒரு மாறுவேடக்காரர்

குழந்தைகளே, மும்பை கிங்ஸ் சர்க்கிளில் நம் வீட்டு ஜன்னல் கிரில்லுக்குள் இரண்டு தொட்டிகள் இருந்தால், ஒன்றில் துளசி, மற்றொன்றில் கறிவேப்பிலை இருக்கும். ரசத்துக்குத் தாளிக்க ஒரு கொத்து கிள்ளிவரச் சொல்லி அம்மா அனுப்பினால், உடனே கிள்ளிவிடாதீர்கள். முதலில் இலைகளை உற்றுப் பாருங்கள். ஓர் இலைமேல் பழுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? சீ என்று தட்டிவிட வேண்டாம். அது மெல்ல நகர்ந்தாலும் நகரும்!

அது எச்சமே இல்லை. கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியும் இதே செடியில் முட்டையிடும். அதன் புழுவும் சின்ன வயதில் இப்படித்தான் இருக்கும்.

ஏன் இந்த வேடம்? புழுவுக்கு வேகமாக ஓடத் தெரியாது. கொட்டக் கொடுக்கு இல்லை. பறக்க இன்னும் சிறகு முளைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தையல்சிட்டும் குண்டுகரிச்சானும் குஞ்சுகளுக்கு இரை தேடி அலைகின்றன. ஆனால், எச்சத்தை எந்தப் பறவை கொத்தித் தின்னும்? எச்சம் போலத் தெரிந்தால், நட்டநடு இலையில் உட்கார்ந்திருந்தாலும் பயமில்லை. இப்படி எதிரியின் கண்ணை ஏமாற்றிப் பிழைப்பதைத்தான் உருமறைப்பு என்கிறோம்.

இந்தப் புழு இலையைத் தின்று தின்று வளரும். நமக்குப் பழைய சட்டை இறுகிப்போவது போல, அதற்குத் தோல் இறுகிவிடும். உடனே தோலை உரித்துவிட்டுப் புதுத் தோலோடு வெளியே வரும். இப்படி நான்கு முறை உரிக்கும். நான்காவது முறை உரித்ததும் அதிசயம் நடக்கிறது. எச்சம் போல இருந்த புழு பச்சைப் பசேலென்று ஆகிவிடுகிறது!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இப்போது அது ஏறக்குறைய உங்கள் சுண்டு விரல் நீளம். அவ்வளவு பெரிய எச்சத்தை எந்தக் குருவி போடும்? பறவைக்குச் சந்தேகம் வந்துவிடாதா? அதனால் பழைய வேடத்தைக் களைந்துவிட்டு, இலை வேடம் போட்டுக்கொள்கிறது. சரியான நேரத்தில் வேடம் மாற்ற அதற்கு உதவுவது உடலில் சுரக்கும் இளமை ஹார்மோன். அது குறைந்ததும் அடுத்த தோல் பச்சையாக உருவாகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புழுவில் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2008-இல் இதைக் கண்டறிந்தார்கள்.

ஒரு மழைக்கால மாலையில், அப்படியொரு பச்சைப் புழுவை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு போல, சிவப்பாக இரண்டு கொம்புகள் சட்டென்று நீண்டன. கூடவே புளித்த பழம் போலக் காட்டமான நெடி! முன்னுடம்பில் இரண்டு கண்கள் முறைத்தன. அவை கண்களே அல்ல, வெறும் புள்ளிகள். நிஜத் தலை அடியில் சின்னதாக ஒளிந்திருந்தது. ஒளிவது பலிக்காவிட்டால் மிரட்டிப் பார்க்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். குச்சியை எடுத்ததும் கொம்புகள் உள்ளே போய்விட்டன.

அடுத்தது கூட்டுப்புழு. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் கட்டி, கிளையில் சாய்ந்தபடி தொங்கும். பச்சை இலைகளுக்கு நடுவே இருந்தால் பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் இருந்தால் பழுப்பாகவும் இருக்கும்.

கூட்டிலிருந்து வரும் பட்டாம்பூச்சியிலும் வேடம் உண்டு. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, ரோஜா அழகி என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போலவே சிவப்புப் புள்ளிகளோடு பிறக்கின்றன. ரோஜா அழகியின் புழு ஆடுதின்னாப்பாளை இலையைத் தின்று வளர்வதால், அதன் உடம்பில் நஞ்சு இருக்கும். ஒருமுறை அதைத் தின்று அவதிப்பட்ட பறவை, அதே போலத் தெரியும் எதையும் பிறகு தொடாது. முன்பு கண்ணில் படாமல் தப்பித்த உயிர், இப்போது கண்ணில் பட்டே தப்பிக்கிறது!

ஒளிவது எளிய உயிர்களுக்கு மட்டுமல்ல, வேட்டையாடும் விலங்குக்கும் வேண்டும். நம் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் வாழும் சிறுத்தையின் புள்ளிகள், மரத்தடியில் விழும் வெயிலோடும் நிழலோடும் கலந்துவிடும். இரை நெருங்கும்வரை அது தெரியாது. ஆனால் சிறுத்தையானாலும் புழுவானாலும் அசைந்துவிட்டால் வேடம் கலைந்துவிடும். அசையாமல் இருக்கும் பொறுமைதான் உருமறைப்பின் பாதி.

ஆகவே, கறிவேப்பிலைச் செடியில் புழு இருந்தால் அம்மாவிடம் சொல்லி, ஒரே ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள். மருந்து தெளிக்க வேண்டாம். கூடு கட்டிய பிறகு தினமும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஒருநாள் காலையில், கசங்கிய சிறகோடு ஒரு பட்டாம்பூச்சி கிரில் கம்பியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிறகு காயும்வரை அதைத் தொடாமல் நில்லுங்கள். அசையாமல் இருப்பது எப்படி என்றுதான் அதனிடமே கற்றுக்கொண்டீர்களே!